பழஞ்சோறும் உடற்பருமனும்



கொஸ்லந்தைத் தோட்டங்களில் பொழுது புலருமுன்னே லயத்து அடுப்புகளில் கோதுமை மா ரொட்டி வேகத் தொடங்கும். ரொட்டியும் சம்பலும் சீனி கலந்த தேநீரும் உண்டு, மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அவ்வுணவின் சக்தி உழைப்பிலேயே செலவாகிவிடுகின்றது. அதே உணவை உண்டு, பண்டாரவளைக் கடையொன்றில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் மகனுக்கோ இடுப்புப் பெருக்கின்றது. "அம்மா உண்பதைத்தானே நானும் உண்கிறேன்?" என அவன் வினவலாம். உழைப்புக் குறைவு முதற் காரணம். இன்னொரு காரணம் அவனுடைய பெருங்குடலில் இருக்கின்றது.

அங்கே கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. சீனியும் வெள்ளை மாவும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே சீரணித்துவிடுவதால் அவற்றை எட்டுவதில்லை. நார்ப்பொருளும், எளிதிற் சீரணியாத ஒருவகை மாப்பொருளுமே அவற்றின் உணவு. நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கும் இத்தகைய உணவுக்கு 1995 இல் விஞ்ஞானிகள் 'பிறிபயோட்டிக்' எனப் பெயரிட்டனர்.

இவற்றைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது சில அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று குடற்சுவருக்கு உணவாகின்றது. வேறு சில, 'வயிறு நிறைந்தது' என மூளைக்கு அறிவிக்கும் ஓமோன்களைச் சுரக்கத் தூண்டுகின்றன. நார்ப்பொருள் குறைந்தால் இச்செய்தியும் தளர்கின்றது.

2006 இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கோர்டன் குழுவினர், பருத்த சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரின்றி வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினர். மெலிந்த எலிகளின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றைவிட இவற்றின் உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது. எனினும், எலியிற் கண்டது அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்துவதில்லை. மனிதரில் நார்ப்பொருளால் மட்டும் குறையும் எடை சிறிதே. அது துணையேயன்றி மருந்தன்று.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆய்வு நடந்துள்ளது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துச் சமைத்த சோற்றை 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது, ஒருவகை அரிசியில் சீரணியாத மாப்பொருள் ஏறத்தாழ 10 மடங்காயிற்று. மீண்டும் சூடாக்கியபோதும் அது குறையவில்லை. ஆறிய சோற்றில் மாப்பொருள் இறுகிக்கொள்வதே இதன் காரணம். நம் பாட்டிமாரின் பழஞ்சோற்றிலும் இந்த உண்மையின் சாயல் உண்டு. ஆயினும், சோற்றை நெடுநேரம் வெளியில் விடாது விரைவில் ஆறச்செய்து குளிரில் வைத்தல் வேண்டும். இன்றேல் நச்சுக் கிருமிகள் பெருகக்கூடும்.

வளர்ந்தோர் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளாவது உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதற்கு விலையுயர்ந்த தூள்கள் வேண்டுவதில்லை. ரொட்டி மாவிற் பாதியைக் குரக்கன் மாவாக மாற்றலாம். பருப்பு, கௌப்பி, வாழைக்காய், வெலிமடையில் விளையும் லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒரேநாளில் மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நீரிழிவுக்கு மருந்துண்போர் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

கடையிலிருக்கும் மகனுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: தம்பி, மாலையில் சிறிது நட, தட்டிலும் சிறிது மாற்று. உனக்காக மட்டும் உண்ணாதே. உன்னுள் வாழ்வோருக்கும் சேர்த்து உண்.