பிழை தெரிவது ஓரிடம், காரணம் வேறிடம்

மென்பொருள் ஒன்று இயங்கும்போது தான் செய்த வேலைகளையும் எதிர்கொண்ட தடைகளையும் நேரத்தோடு வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்புகளே ‘லாக்’ எனப்படும் பதிவுகள். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், தாம் உருவாக்கிய ‘சென்ட்மெயில்’ என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்காக அமைத்த ‘சிஸ்லாக்’ முறையைப் பிற மென்பொருள்களும் ஏற்றுக்கொண்டதால், அது பொது வழக்காகி, 2009இல் ஆர்எஃப்சி 5424 என்னும் இணையத் தரநிலை ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு செய்தியும் 0 முதல் 7 வரை ஒரு கடுமை எண் பெறுகிறது; 0 என்பது கணினியே பயன்படாத நெருக்கடி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 நிரலாளருக்கு மட்டுமே உதவும் நுண்விவரம்.

கடுமை எண்ணை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கண்டுவிட முடியாது என்பதற்கு, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சர்வர்களில் அடிக்கடி நேரும் ஒரு பழுது நல்ல சான்று. இணையதளத்தின் பதிவில் ‘தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை’ என்னும் பிழை நூற்றுக்கணக்கில் குவிந்திருக்க, தரவுத்தளத்தின் பதிவோ எந்தக் குறையும் சொல்லாமல் பாதியில் நின்றிருக்கும். அந்த மௌனமே முக்கியமான துப்பு. ஏனெனில் நினைவகம் தீர்ந்துபோகும்போது, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், பெரும்பாலும் மிகுதியான நினைவகத்தைப் பிடித்திருக்கும் மென்பொருளைத் தேர்ந்து, ஒரு வரி எழுதவும் அவகாசம் தராமல் நிறுத்திவிடுகிறது. அச்செய்தி கெர்னலின் பதிவில்தான் இருக்கும். நிறுத்தப்பட்டதே குற்றவாளி என்றும் முடிவுகட்டலாகாது. அப்போது ஒவ்வொரு மென்பொருளும் எவ்வளவு நினைவகம் பிடித்திருந்தது என்று கெர்னல் வழக்கமாக அங்கேயே எழுதும் பட்டியலைப் பார்த்தால், வழக்கத்தைவிடப் பெருத்த வேறொன்று அகப்படக்கூடும்.

ஆகவே குவிந்த பிழைகளுள் முதலாவதைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முந்தைய நிமிடங்களை எல்லாப் பதிவுகளிலும் ஒப்பிடுவதே சரியான முறை. சர்வர்கள் பல உலகப் பொது நேரத்தில் எழுதுவதால், இந்திய, இலங்கை நேரத்தோடு ஒப்பிடுபவர் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். பழுதானதும் கணினியை அணைத்துப் போடும் பழக்கம் இங்கே பெருங்கேடு. சில லினக்ஸ் அமைப்புகளில் பதிவுகள் தற்காலிக நினைவகத்திலேயே இருப்பதால், அவற்றை நகலெடுக்காமல் மறுதொடக்கம் செய்தால் அவை அழிந்துவிடும்.