ஒட்டுப்போட்டு ஓடவிட்ட ஆறு

நமது மலரில் கவிதை நிறைய வரும், கல்லூரி நினைவுகள் வரும். நான் ஒரு இங்கிலீஷ் பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "இவனுக்கு எதுக்குடா இங்கிலீஷ் பாட்டு, அரியர் எத்தனைன்னு கேளு" என்று என் அறை நண்பர்கள் சிரிப்பது இங்கேயே கேட்கிறது. சிரிக்கட்டும். பாட்டின் பெயர் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. நீளம் சுமார் 18 நிமிடம் 40 விநாடி. யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 1972 செப்டம்பரில் இதே பெயரில் வெளியிட்ட ஆல்பத்தின் முதல் பாட்டு இது. ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டுதான்!

இவ்வளவு நீளம் எதற்கு? அன்றைய எல்.பி. இசைத்தட்டு 12 அங்குலம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் போல நன்றாக அடங்கும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் தட்டில் உள்ள வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். "ஒரு பக்கத்தில் ஐந்தாறு பாட்டு போடுவதற்குப் பதில் முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தால் என்ன?" என்று அந்தக் காலத்தில் சில குழுக்கள் யோசித்தன. மேல்நாட்டுச் சிம்ஃபொனி மாதிரி பல பகுதிகள், ஒரு பகுதியில் வந்த மெட்டு உருமாறி இன்னொரு பகுதியில் திரும்ப வருவது, இதையெல்லாம் ராக் இசைக்குள் கொண்டு வந்தார்கள். இந்த வகைக்குச் சிம்ஃபொனிக் புரோகிரசிவ் ராக் என்று பெயர்.

பாட்டு தொடங்கும்போது ஒன்றுமே நடக்காது. தண்ணீர் ஓடும் சத்தம், பறவைகளின் சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக ஒலி கூடி, ஐந்து பேரும் ஒன்றாகப் பாய்வார்கள் பாருங்கள்! ஸ்டீவ் ஹோவின் கிட்டார் ஒரு பக்கம், கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் கிட்டார் ஒரு பக்கம், பில் புரூஃபோர்டின் டிரம்ஸ் ஒரு பக்கம். தாளத்தை விரலால் எண்ணிப் பார்த்தால் கை தப்பிப் போகும். முதல் தடவை கேட்பவர்கள் இங்கேதான் போனை அணைத்துவிடுவார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். மூன்றாவது நிமிடத்தை ஒட்டி அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து ஒரு மெட்டு தெளிவாக எழும். பிறகு ஜான் ஆண்டர்சன் பாட ஆரம்பிப்பார். ஆண்குரல்தான், ஆனால் அவ்வளவு மேல் ஸ்தாயி.

எட்டரை நிமிடத்துக்குப் பிறகு எல்லாம் அடங்கிவிடும். டிரம்ஸ் கிடையாது. ஆண்டர்சன் ஒரு மெட்டைப் பாட, மற்றவர்கள் அதன் மேல் வேறொரு மெட்டைப் பாடுவார்கள். இந்த அமைதியை உடைத்துக்கொண்டு 12ஆம் நிமிடம் வாக்கில் ஒரு பெரிய பைப் ஆர்கன் எழும். கடைசிப் பகுதியில் ரிக் வேக்மன், தொடக்கத்தில் கிட்டாரில் வந்த அதே வேகமான கருவை ஹாமண்ட் ஆர்கனில் எடுத்து விளையாடுவார். முடிவில் மறுபடியும் தண்ணீர், பறவைகள்.

இனி நம் பாடத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டை அவர்கள் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் கொஞ்சம் ஒத்திகை, கொஞ்சம் பதிவு, மறுநாள் அடுத்த துண்டு என்று பகுதி பகுதியாகச் செய்தார்கள். எடி ஆஃபர்ட் என்ற ஒலிப்பதிவாளர் டேப்பைப் பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டினார். ஸ்டூடியோ டேப் விநாடிக்கு 15 அல்லது 30 அங்குல வேகத்தில் ஓடும். 15 என்றே வைத்துக்கொண்டாலும் இந்தப் பாட்டு 1,400 அடி வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். டேப்பை நேராக வெட்டி ஒட்டினால் இணைப்பில் 'டிக்' என்று சத்தம் வரலாம். அதனால் பெரும்பாலும் 45 டிகிரி சாய்வாக வெட்டுவார்கள். ஒரு துண்டின் ஒலி தேயத் தேய அடுத்ததன் ஒலி வளரும். கார்பென்ட்ரி ஷாப்பில் ஜாயின்ட் போட்டு, இடைவெளி தெரிகிறது என்று திட்டு வாங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும். வேண்டிய ஒரு டேப் துண்டு குப்பையோடு போய், பிறகு தேடி எடுத்த கதையையும் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பைப் ஆர்கன்கூட ஸ்டூடியோவில் எடுத்ததல்ல. லண்டனில் உள்ள செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் வேக்மன் வாசித்ததைப் பதிவு செய்து இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள். என் அப்பா கொத்தனார். ஒரு நாள் இந்த இடத்தை அவர் காதில் வைத்தேன். "இது சர்ச்சுல வாசிச்சதா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சுவரு உசரமா இருக்குறது சத்தத்துலயே தெரியுதேப்பா" என்றார். எதிரொலி பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"இதெல்லாம் கான்வென்ட் பசங்க கேக்குற பாட்டு" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இங்கிலீஷ் எனக்குத் தகராறுதான். அந்த வார்த்தை உள்ளே குத்தத்தான் செய்தது. பதிலை இங்கே எழுதுகிறேன். பாடிய ஜான் ஆண்டர்சன் வட இங்கிலாந்தில் ஆக்ரிங்டன் ஊர்க்காரர். 15 வயதில் பள்ளியை விட்டவர். பண்ணை வேலை பார்த்தார், செங்கல் லாரி ஓட்டினார், வீடு வீடாகப் பால் போட்டார். வேக்மனோ ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து, முடிக்காமல் வெளியே வந்தவர். இந்த இரண்டு பேரும் ஒரே பாட்டுக்குள் இருக்கிறார்கள். பாடலின் வரிகளோ இங்கிலீஷ்காரர்களுக்கே நேராக அர்த்தம் ஆகாது. ஆண்டர்சன் அர்த்தத்தைவிட ஓசைக்காகச் சொற்களைத் தேர்ந்தெடுப்பவர். அப்படியென்றால் நாமும் அவர்களும் ஒரே பெஞ்சில்தானே!

அடியில் ஒரு கதை இருக்கிறது. ஆண்டர்சனுக்குத் தூண்டுதலாக இருந்தது ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922இல் எழுதிய 'சித்தார்த்தா' நாவல். ஹெஸ்ஸேயின் தாயார் பிறந்தது கேரளத்துத் தலச்சேரியில். நாவலைத் திருலோக சீதாராம் தமிழில் தந்திருக்கிறார். எல்லாவற்றையும் தேடி அலைந்த சித்தார்த்தன் கடைசியில் ஒரு படகோட்டியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஆற்றையே கேட்டுக்கொண்டிருப்பான். அதைப் படித்த பிறகுதான் தலைப்பில் உள்ள விளிம்பு ஆற்றின் கரை என்று எனக்குப் பிடிபட்டது. தொடக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் ஏன் என்பதும்தான்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. 'அண்ட் யூ அண்ட் ஐ' பத்து நிமிடம், மென்மையான பாட்டு; புதிதாகக் கேட்பவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'சைபீரியன் காத்ரு' துள்ளல். அதன் நடுவில் ஹார்ப்சிகார்டு வரும், ஹோவ் எலெக்ட்ரிக் சிதாரும் வாசிப்பார். ஆனால் என் மனசில் அது முதல் பாட்டுக்குக் கீழேதான். ரோஜர் டீன் வரைந்த பச்சை நிற அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழுவின் பெயரை வளைத்து வளைத்து அவர் எழுதிய எழுத்து முதன்முதலில் வந்தது இந்த ஆல்பத்தில்தான்.

பதிவின்போது ஐந்து பேரில் ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. வேலை முடிந்ததும் புரூஃபோர்ட், 1968இலிருந்து தாம் இருந்த குழுவை விட்டு, கிங் கிரிம்சன் என்ற வேறு குழுவில் சேர்ந்துவிட்டார். துண்டு துண்டாகச் செய்யும் இந்த மெதுவான முறை அவருக்கு அலுத்துவிட்டது. இதைவிட நன்றாக யெஸ்ஸில் இனிச் செய்ய முடியாது என்றும் அவருக்குத் தோன்றியது. நன்றாகப் போகும் வேலையை விட்டுவிட்டு வந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தத் தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை. அவர் இடத்துக்கு வந்த ஆலன் வைட்டுக்கு, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்குள் எல்லாப் பாட்டையும் கற்றுக்கொள்ளக் கிடைத்தது மூன்றே நாள். ஸ்டூடியோவில் ஒட்டி ஒட்டிச் சேர்த்த பாட்டை அவரோடு மேடையில் நிறுத்தாமல் வாசித்தார்கள். 1973இல் வந்த 'யெஸ்சாங்ஸ்' ஆல்பத்தில் அந்த வாசிப்பைக் கேட்கலாம்.