பதினொன்றுக்கு வெளியே ஒருவர்!

ஆபீஸில் சர்வர் படுத்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, எல்லோருக்கும் திடீரென்று பசிக்கும். இரண்டு, எல்லோரும் கிரிக்கெட் செலக்டர் ஆகிவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை இரண்டுமே நடந்தது.

அடியேன் பி.காம். வாரத்தில் நான்கு நாள் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். எழுத்தை நம்பி வீட்டு ஓனர் வாடகையைக் குறைக்க மாட்டேன் என்கிறார். அதனால் மீதி இரண்டு நாள் மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். அங்கேதான் சம்பவம்.

தயிர் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தான் எங்கள் ஜூனியர். வயசு இருபத்து மூணு. "சார், இந்தியாவோட ஆல் டைம் டெஸ்ட் லெவன். லஞ்ச் முடியறதுக்குள்ள பதினொரு பேரைப் போடணும். யார் வாதம் தோக்குதோ, அவங்க சனிக்கிழமை எல்லாருக்கும் பிரியாணி!"

"பேப்பர் எடு" என்றார் கேஷியர். அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போகிறவர். பேனா பிடிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டே ஆடிட்டரும் வந்து உட்கார்ந்தார். ரெக்கார்டு ரூம் அண்ணன் வழக்கம் போல் கதவோரமாக நின்றார்.

முதல் பெயரில் சண்டையே இல்லை. கவாஸ்கர்.

"1971-ல வெஸ்ட் இண்டீஸ் போயி, முதல் சீரிஸ்லயே நாலு டெஸ்ட்டுல 774 ரன்! ஹெல்மெட் கிடையாதுடா தம்பி" என்றார் கேஷியர், தானே கூடப் போய் அம்பயரிங் செய்தவர் மாதிரி.

"1975 வேர்ல்டு கப்புல 60 ஓவர் நின்னு 36 நாட் அவுட் அடிச்சதும் அவர்தானே சார்?"

"டெஸ்ட் டீம் போடும்போது ஒன் டே பேசப்படாது!"

ஜூனியர் அடங்கினான். 34 சதம், உலகத்திலேயே முதன்முதலாக 10,000 டெஸ்ட் ரன் எடுத்தவர். மறுபேச்சு ஏது?

அவரோடு இறங்குவது யார்? இங்கேதான் முதல் தகராறு. கேஷியர், வினு மன்கட் என்றார். 1956-ல் நியூஸிலாந்துக்கு எதிராக நம்ம மெட்ராஸில் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனையை உடைக்க 52 வருஷம் ஆனது. மன்கட் மட்டும் 231.

ஜூனியர் சொன்னது சேவாக். 2004-ல் முல்தானில் 309. முந்நூறைத் தொட்டது ஒரு சிக்ஸரில். 2008-ல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவைப் போட்டு உரித்து 319. முந்நூறு வந்தது 278 பந்துகளில்.

என்னைக் கேட்டார்கள். பி.காம். மூளை வேறு எப்படி யோசிக்கும்? "கவாஸ்கர் ஃபிக்ஸட் டெபாசிட். கூட இன்னொரு ஃபிக்ஸட் டெபாசிட் எதுக்கு? கொஞ்சம் ஷேர் மார்க்கெட்டும் இருக்கட்டும்" என்றேன். சேவாக் பாஸ்!

மூணாவது டிராவிட். 31,258 பந்துகளைச் சந்தித்தவர். டெஸ்ட்டில் வேறு யாரும் அவ்வளவு பந்தை ஆடியதில்லை. எங்கள் ஆபீஸில் வருமான வரித் துறையின் நோட்டீஸ்களுக்குப் பொறுமையாகப் பதில் போடுகிற அம்மாவுக்குக்கூட அந்த நிதானம் கிடையாது. நாலாவது டெண்டுல்கர். 200 டெஸ்ட், 15,921 ரன், 51 சதம். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஐந்தாவது இடத்தில் வெடித்தது குண்டு.

ஆடிட்டர் 'லக்ஷ்மண்' என்றார். 2001, ஈடன் கார்டன்ஸ், ஃபாலோ ஆன், 281. ஜூனியர் 'கோலி' என்று மேஜையைத் தட்டினான். "சார், 2014-ல இங்கிலாந்துல பத்து இன்னிங்ஸ்ல 134 ரன். ஊரே சிரிச்சுது. 2018-ல அதே ஊருக்குப் போயி 593 அடிச்சாரு. விழுந்த இடத்துலயே எழுந்திரிக்கிறதுதான் சார் கிரேட்!"

நல்ல பாயின்ட். எனக்கே எழுதலாம் போலிருந்தது. கேஷியர் மட்டும் அமைதியாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விஸ்வநாத்."

"சார், அவர் ஆவரேஜ் 41.93. கோலி 46.85. லக்ஷ்மண்கூட 45.97. ஃபோன்ல இருக்கு, பாருங்க."

"ஃபோன்ல 1975 ஜனவரி இருக்கா?"

இருந்தது. கேஷியர் சொல்லச் சொல்ல அவன் ஸ்கோர்கார்டைத் தேடி எடுத்தான். சேப்பாக்கம், பொங்கல் டெஸ்ட். எதிரே வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் பந்து வீசவில்லை, தீ மூட்டினார். அந்த இன்னிங்ஸில் அவருக்கு ஏழு விக்கெட். இந்தியா மொத்தமே 190. அதில் விஸ்வநாத் 97 நாட் அவுட். மற்ற எவரும் அரை சதத்தின் பக்கம்கூடப் போகவில்லை. சதத்துக்கு மூணு ரன் இருக்கும்போது கடைசி ஆள் சந்திரசேகர் அவுட். மேட்ச்சை 100 ரன்னில் ஜெயித்தோம்.

"எனக்குப் பத்து வயசு. அப்பா சட்டைப் பையில டிரான்சிஸ்டர். 'போச்சுடா, நூறு போச்சு'ன்னு நான் அழுதேன். எங்கப்பா, 'டேய், நூறு போனா என்னடா, ஊரு பொழைச்சுதே'ன்னாரு" என்றார் கேஷியர்.

அந்த 97 எந்தச் சதப் பட்டியலிலும் வராது. 14 சதம் என்றுதான் விஸ்வநாத் பெயருக்கு எதிரே போட்டிருக்கும்.

நான் கணக்குக்காரன். 1975-ல் வாங்கிய ஒரு ரூபாயையும் இன்றைய ரூபாயையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் பரீட்சையில் சைபர்தான் கொடுப்பார்கள். விலைவாசிக்கு ஏற்றபடி பெருக்க வேண்டும். ரன்னுக்கும் அதே விதிதானே? ஹெல்மெட் இல்லாத காலத்து 40, இன்றைய எத்தனைக்குச் சமம்? அதற்கு எந்தப் பொருளாதார மேதையும் அட்டவணை போட்டுத் தரவில்லை. நாமாகத்தான் மனசுக்குள் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஜூனியர் ஸ்கோர்கார்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "விஸ்வநாத்தையே போட்டுக்குங்க சார். ஆனா கோலி ரிசர்வ்ல இருக்கணும். அது கண்டிஷன்!" என்றான். கேஷியர் தன் டிபன் பாக்ஸில் இருந்த கடைசி வடையை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஆறாவது, இடது கை சுழல் போடும் ஆல்ரவுண்டர். ஜடேஜாவா, மன்கட்டா? ஓப்பனிங்கில் விட்டுக்கொடுத்த கேஷியர் இங்கே பிடித்துக்கொண்டார். 1952, லார்ட்ஸ். இங்கிலாந்தில் லீக் ஆடிக்கொண்டிருந்த மன்கட்டை டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். 72 அடித்தார். பிறகு 73 ஓவர் போட்டு 5 விக்கெட் எடுத்தார். திரும்ப வந்து 184! மேட்ச் தோற்றது வேறு விஷயம். ஒரே மேட்ச்சில் மூணு பேர் வேலையைப் பார்த்திருக்கிறார். மூணு சம்பளம் யாரும் கொடுக்கவில்லை.

மன்கட் பாஸ். விக்கெட் கீப்பர் கிர்மானி என்று யாரோ முனகினார்கள். ஸ்டம்ப்புக்கு அருகே நின்று சுழல் பந்தைப் பிடிப்பதில் அவர் கில்லாடி என்பது உண்மை. ஆனால் 2013-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை 224 அடித்தவரை, மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் எப்படி வீடு போய்ச் சேருவது? தோனி!

கபில்தேவ்: 434 விக்கெட், 5,248 ரன். 1990 லார்ட்ஸில் ஃபாலோ ஆனைத் தவிர்க்க 24 ரன் வேண்டும், ஒரே விக்கெட் பாக்கி என்றபோது வரிசையாக நாலு சிக்ஸர் அடித்தாரே, அந்தத் தைரியத்துக்கே சீட் உண்டு. பும்ரா: 2024 டிசம்பரில் மெல்போர்னில் 200-வது விக்கெட் எடுத்தபோது சராசரி 20-க்கும் கீழே. கும்ப்ளே: 619 விக்கெட், டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் பத்து, 2002-ல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையோடு கட்டுப் போட்டுக்கொண்டு வந்து லாராவைத் தூக்கினவர். அஸ்வின்: 537 விக்கெட், ஆறு சதம், நம்ம பிள்ளை.

"மன்கட்டும் அஸ்வினும் ஒரே டீமா? நான் ஸ்ட்ரைக்கர் கிரீஸ்லயே தன்னைக் கயிறு போட்டுக் கட்டிக்கணும்!" என்றார் ஆடிட்டர். எல்லோரும் சிரித்தோம். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. சர்வரும் வந்துவிட்டது. பேப்பரை மடித்தேன்.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல்.

"பேடி இல்லீங்களா?"

ரெக்கார்டு ரூம் அண்ணன். 'எண்பத்தஞ்சாம் வருஷத்து ஃபைல்' என்றால் லைட் போடாமலே போய் எடுத்து வருவார். அவர் கிரிக்கெட் பேசி நான் கேட்டதில்லை.

"266 விக்கெட்டுண்ணே. ஆனா இடம் இல்லை" என்றான் ஜூனியர்.

அண்ணன் சிரித்தார். "இல்லை தம்பி, தப்பா சொல்லலை. நானும் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னருதான். சென்னை லீக்ல நாலாவது டிவிஷன். அவரு ஒருத்தர் உள்ள இருந்ததால எத்தனை பேரு ஆயுசுக்கும் வெளில நின்னாங்க தெரியுமா? அவரையே நீங்க வெளில நிக்க வெச்சிட்டீங்களே, அதான் கேட்டேன்."

பிறகு அவர் சொன்ன பெயர்களை ஜூனியர் கேள்விப்பட்டதே இல்லை. ராஜிந்தர் கோயல். ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட். இன்றுவரை அந்த எண்ணிக்கையை யாரும் எட்டவில்லை. ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1974-ல் பெங்களூர் டெஸ்ட்டில் பேடி இல்லை. கோயலைக் கூப்பிட்டார்கள். கடைசியில் பதினொன்றில் பெயர் வரவில்லை. அவ்வளவுதான்.

பத்மாகர் ஷிவால்கர். முதல்தர கிரிக்கெட்டில் 589 விக்கெட். 1973 ரஞ்சி ஃபைனலில் நம்ம சேப்பாக்கத்தில், நம்ம தமிழ்நாட்டையே 8 விக்கெட், 5 விக்கெட் என்று சுருட்டியவர். அவருக்கும் டெஸ்ட் தொப்பி கிடையாது. எஸ். வாசுதேவன். 1987-88 சீசனில் தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன், இடது கை ஸ்பின்னர். அவருக்கும் அதே கதைதான்.

"கவாஸ்கர் தனக்குப் புடிச்ச ஆட்டக்காரங்களைப் பத்தி 'ஐடல்ஸ்'னு ஒரு புஸ்தகம் எழுதினாரு. அதுல கோயலுக்கும் ஷிவால்கருக்கும் இடம் உண்டு. ஆடினவனுக்குத் தெரியும் சார், யாரு எவ்வளவுன்னு" என்றார் அண்ணன்.

2017-ல் கிரிக்கெட் வாரியம் அந்த இருவருக்கும் வாழ்நாள் சாதனையாளர் விருதைக் கொடுத்தது. கோயல் 2020-லும், ஷிவால்கர் 2025-லும் போய்ச் சேர்ந்தார்கள்.

"அப்ப பன்னிரண்டாவது ஆளா கோயலைப் போட்டுடலாம்ணே" என்று நான் பேனாவைத் திறந்தேன்.

"வேணாம் சார். பன்னிரண்டாவதா பேடியைப் போடுங்க. கோயலு தண்ணி தூக்குற ஆளு இல்லை. அவரு வேற டீமுக்குக் கேப்டன்."

யாரும் பேசவில்லை. ஜூனியர் மட்டும் மெதுவாக, "அந்த டீமுல அமோல் முஜும்தார் உண்டாண்ணே?" என்றான். முதல்தர கிரிக்கெட்டில் 11,167 ரன் எடுத்தும் இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாதவர். 1988-ல் பள்ளிக்கூட மேட்ச்சில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ரன் சேர்த்தபோது, பேடு கட்டிக்கொண்டு அடுத்ததாகக் காத்திருந்த பையன். 2025-ல் நம்ம பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அவர்தான் கோச்.

"உண்டு. மூணாவதா இறக்கிடலாம்" என்றார் அண்ணன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாதியில் நின்றிருந்த வேலை கண்முன்னே வந்தது: வருஷாந்திர ஊக்கத் தொகை லிஸ்ட். யார் எத்தனை ரிட்டர்ன் முடித்தார்கள் என்ற கணக்குப்படி பதினான்கு பெயர்கள். அண்ணன் பெயர் இல்லை. போன வருஷமும் இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. மூணு வருஷமாக அந்த லிஸ்ட்டை டைப் அடிப்பது சாட்சாத் நான்தான். அவர் எடுத்துக் கொடுக்கிற ஃபைல் இல்லாமல் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட ஒரு ரிட்டர்ன் முடித்திருக்க முடியாது. ஆனால் ஃபைல் எடுத்துக் கொடுப்பதற்கு எண்ணிக்கை கிடையாதே! சதப் பட்டியலில் வராத 97 மாதிரி.

பக்கத்து மேஜைச் சண்டைக்கு ஒரு மணி நேரம் நீதிபதியாக இருந்தவன், தன் மேஜைக் கணக்கை மூணு வருஷமாகச் சரிபார்க்கவில்லை.

திங்கட்கிழமை லிஸ்ட்டோடு ஆடிட்டர் அறைக்குள் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொல்றது நியாயம்தான்யா. ஆனா அவரை எந்தக் காலத்துல போடறது? ரிட்டர்ன் நம்பர் காலி, டேர்ன் ஓவர் காலி..."

"புதுசா ஒரு காலம் போடலாம் சார்."

"தலைப்பு?"

எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. "யோசிச்சுட்டு வா" என்றார். லிஸ்ட்டை இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். அது நல்ல சகுனமா, இல்லையா என்று அடுத்த வாரம் தெரியும்.

பிரியாணி என்ன ஆயிற்று என்கிறீர்களா? கோலியை விட்டுக்கொடுத்த ஜூனியர்தான் தோற்றவன் என்று தீர்ப்பாகி, சனிக்கிழமை அவன்தான் வாங்கி வந்தான். கேஷியர் பாதிப் பணத்தை யாருக்கும் தெரியாமல் அவன் பையில் வைத்தார். நான் பார்த்துவிட்டேன். அண்ணன் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் பேத்திக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். ஜூனியர் தன்னுடையதில் பாதியை அவர் இலையில் தள்ளிவிட்டு, "சாப்பிடுங்க கேப்டன்!" என்றான்.

உங்கள் ஆபீஸிலும் சர்வர் படுக்கும். நீங்களும் பதினொன்று போடுவீர்கள். விஸ்வநாத்தை எடுத்துவிட்டுக் கோலியைப் போடுங்கள், மன்கட்டை எடுத்துவிட்டு ஜடேஜாவைப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. போட்டு முடித்ததும் ஒரே ஒரு முறை கதவோரம் திரும்பிப் பாருங்கள். யாராவது நிற்பார்.

அப்படியே, அந்தக் காலத்துக்கு ஒரு தலைப்பு தோன்றினால் எனக்கும் சொல்லுங்கள். அவசரம்!