மடுல்சீமையும் திராட்சையும்

இலங்கையின் ஊவா மாகாணத்து லுணுகலையில் திராட்சைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் அதன் பக்கத்து மலையான மடுல்சீமைக்கும் பிரான்சின் திராட்சைக் கொடிக்கும் ஒரு பெயர்ப் பொருத்தம் உண்டு. திராட்சை வேரை உறிஞ்சிக் கொன்ற ஒரு சிறு பூச்சிக்கு பிளான்ஷோன் என்ற தாவரவியலாளர் 1868இல் 'ஃபைலோக்செரா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். மறு வருடமே மடுல்சீமைக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அந்தப் பூஞ்சைக்கு இட்ட பெயர் 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்'. லத்தீனில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசகாரி. அதுவும் பெண்பாலில்!

திராட்சை பிழைத்துக்கொண்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சு விவசாயிகள் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். கோப்பிக்கோ நோய் இலையில். காற்றில் பறந்து பரவும் தூளுக்கு வேரை மாற்றி என்ன பயன்? கோப்பி போனது, அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது.

அந்தத் தேயிலையில்தான் திராட்சையின் மணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். அதற்குப் பன்னீர் என்று பேர் வைத்தவரின் மூக்கு கெட்டிக்கார மூக்கு. ரோஜாவை மணக்க வைக்கும் ஜெரானியோல் மஸ்கட் பழங்களிலும் இருக்கிறது, கூடவே லினலூல் என்ற இன்னொரு மணப்பொருளும். இரண்டும் ஊவாத் தேயிலையிலும் உண்டு.

பச்சைக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தால் புல் வாசம்தான் வரும். மணப்பொருளில் பெரும்பங்கு சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக வழியில்லாமல் கிடக்கிறது. பிணைப்பை அறுக்கும் நொதி அதே இலையிலேயே தனியே இருக்கிறது. கொழுந்தை வாட்டி ரோலரில் போட்டு நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. மணம் விடுபடுகிறது. திராட்சையிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் மணம் உண்டு. அதில் ஒரு பகுதி வைனாகும்போதும் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். நசுக்கிய பின் நடப்பதை இரண்டு இடத்திலும் நொதித்தல் என்றே சொல்கிறார்கள். தேயிலை ஃபெக்டரியில் ஈஸ்டும் இல்லை, போதையும் இல்லை. இலைச்சாறு காற்றுப் பட்டுச் சிவக்கிறது, அவ்வளவே.

ஊவாவுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைச் செடி தண்ணீருக்குத் தவிக்கும். அந்தப் பருவத்துத் தேநீரில் மெத்தில் சாலிசிலேட் தூக்கலாக இருக்கும். மூட்டுவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதே பொருள். தைலத்தில் நெடி, கோப்பையில் அளவோடு வரும்போது பேர்பெற்ற ஊவா வாசம்.

ஏலத்தில் அந்த வாசத்துக்குத் தனி விலை. ஆனால் கச்சான் வீசும் நாளில் துளிர் சிறுத்துவிடும். அன்றைக்குக் கொழுந்து எடுப்பவரின் கூடையில் கிலோ நிறைவது கஷ்டம்.