சச்சினா? லாராவா?

எங்க அப்பா சச்சின் பக்கம், சித்தப்பா லாரா பக்கம். வீட்டில் எப்பவும் சண்டைதான்!

டெஸ்டில் சச்சின் 200 ஆட்டங்களில் 15,921 ரன், 51 சதம். லாரா 131 ஆட்டங்களில் 11,953 ரன், 34 சதம். ஆனால் 2004-ல் ஒரே இன்னிங்ஸில் 400 அடித்தவர் லாரா.

1999-ல் சென்னையில் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு 136 அடித்து சச்சின் அவுட்டானார். 17 ரன்தான் பாக்கி. மீதி மூணு விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்துடுச்சு. தோற்றோம். அதே வருடம் பிரிட்ஜ்டவுனில் லாரா 153 அடித்து ஆஸ்திரேலியாவை வென்றார். கடைசி ஆளாக வந்த வால்ஷ் அவுட்டாகாமல் நின்றார்.

"கடைசிவரை நின்று ஜெயிச்சவர்தான் பெரியவர்" என்கிறார் சித்தப்பா. லாரா நின்றது உண்மைதான். ஆனால் கூட நிற்க வால்ஷ் இருந்தாரே! சச்சினுக்கு யார் இருந்தாங்க? நீங்களே சொல்லுங்க தோழர்களே!

- 9-ஆம் வகுப்பு மாணவி