28 நாளில் ஒரு மாதம்!

குட்டீஸ், கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். விரல் முட்டிகள் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதா? ஆள்காட்டி விரல் மேட்டில் ஜனவரி, அடுத்த பள்ளத்தில் பிப்ரவரி என்று எண்ணிக்கொண்டே போங்கள். மேட்டில் விழும் மாதத்துக்கு 31 நாள். பள்ளத்தில் விழுந்தால் 30. பிப்ரவரி மட்டும் பாவம், 28. (நான்கு வருடத்துக்கு ஒருமுறை 29.) சுண்டுவிரல் மேட்டில் ஜூலை முடிந்துவிடும். ஆகஸ்டை மறுபடியும் ஆள்காட்டி விரல் மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டி காலத்துக் கணக்கு, தப்பவே தப்பாது!

ஆனால், இந்த மேடு பள்ளம் எதிலும் அடங்காத ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு எப்போதும் 28 நாள்தான். வருடத்துக்கு அது 12 முறை வராது, 13 முறை வரும்!

அது என்ன மாதம் என்கிறீர்களா? வாருங்கள், பெருங்களத்தூர் வரை போய் வருவோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடந்தால், ரீசார்ஜ் கடைகள் கண்ணில் படும். ஒருநாள் மாலை அப்படி ஒரு கடையில் கேட்ட பேச்சு இது.

“அண்ணே, இந்த நம்பருக்கு ஒரு மாசத்துக்குப் போடுங்க” என்றார் அப்பா.

கூட வந்த சிறுமி, “ஏம்ப்பா, போன மாசம் 29-ஆம் தேதிதானே போட்டோம்? இன்னிக்கு 26-தானே ஆகுது?” என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “பாப்பா, கம்பெனிக்காரனுக்கு மாசம்னா 28 நாள்தான்!”

அந்தச் சிறுமிக்கு வந்த சந்தேகம்தான் இன்று நம்முடைய விஷயம். வீட்டில் இருக்கும் தினசரி காலண்டரை எடுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும். ஜனவரி 1-ஆம் தேதி ரீசார்ஜ் செய்ததாக வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியை வட்டமிடுங்கள். 28 நாள் கழித்து அடுத்த ரீசார்ஜ், ஜனவரி 29. அதற்கடுத்தது பிப்ரவரி 26. பிறகு மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21... தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது பார்த்தீர்களா? டிசம்பர் 3-ஆம் தேதி போடுவது பதின்மூன்றாவது ரீசார்ஜ். அதுவும் டிசம்பர் 30-ஆம் தேதி இரவோடு முடிந்துவிடும். வருடத்தின் கடைசி நாளன்று மறுபடியும் கடைக்குப் போக வேண்டும்!

அப்பாவுக்குச் சம்பளம் வருடத்துக்கு 12 முறைதான் வருகிறது. வீட்டு வாடகையும் பால் கணக்கும் மாதம் ஒருமுறைதான். ரீசார்ஜ் மட்டும் 13 முறை.

இப்போது ஒரு பெருக்கல். 28 நாள் திட்டத்தின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இது நம் கணக்குக்காக வைத்துக்கொண்ட விலை.) 12 முறை என்றால் 2,400 ரூபாய். 13 முறை என்றால் 2,600. ‘இருநூறு ரூபாய்தானே’ என்று தோன்றும். ஒரு லட்சம் பேரிடம் இருநூறு ரூபாய் என்றால் எவ்வளவு? இரண்டு கோடி ரூபாய்! நம் நாட்டில் செல்போன் இணைப்புகளோ நூறு கோடிக்கும் மேல். மீதிப் பெருக்கலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் பக்கம் போதாது!

இதில் கம்பெனிக்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘28 நாள் என்றால் சரியாக நான்கு வாரம். எத்தனை நாள் என்று சொல்லித்தானே விற்கிறோம்?’ என்பது அவர்கள் வாதம். உண்மைதான், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், வாங்குகிறவர் ‘ஒரு மாசத்துக்கு’ என்று நினைத்துக் கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? எல்லாக் கம்பெனிகளும் 28 நாள் திட்டத்தையே விற்றால், 30 நாள் வேண்டும் என்பவர் எங்கே போவார்?

இதே கேள்வியை நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டது ‘டிராய்’ அமைப்பிடம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்பது அதன் முழுப் பெயர். 1997-ல் ஏற்படுத்தப்பட்டது. தொலைபேசிக் கம்பெனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது இதன் வேலை. ‘மாதத் திட்டம் என்கிறார்கள், மாதம் முழுக்க வருவதில்லை’ என்ற புகார்கள் குவியவே, 2021-ல் டிராய் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. 2022 ஜனவரி 27-ஆம் தேதி உத்தரவும் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒன்றாவது வேண்டும். ஜனவரி 31-ஆம் தேதி போட்டால் பிப்ரவரியில் 31-க்கு எங்கே போவது? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அந்த மாதத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்ள வேண்டுமாம்!

அப்படியானால் 28 நாள் திட்டம் ஒழிந்ததா? இல்லை. அதையும் விற்கலாம், இதையும் விற்கலாம். வாங்குகிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குப் பழைய கதைதான்.

இப்படி நறுக்கி எடுப்பது செல்போனில் புதிதல்ல. உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பேசிய காலத்தில் கட்டணம் நிமிடக் கணக்கில் இருந்தது. 60 வினாடி பேசினால் ஒரு நிமிடம். 61 வினாடி பேசினால்? இரண்டு நிமிடக் காசு! ‘வச்சிடறேன், வச்சிடறேன்’ என்று சொல்லிக்கொண்டே அவசரமாக போனை வைப்பார்கள். 2009-ல் டாடா டோகோமோ என்ற புதிய கம்பெனி ‘ஒரு வினாடிக்கு ஒரு பைசா’ என்று கிளம்பியது. மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் வினாடிக் கணக்குக்கு வந்தன. போட்டி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். (அந்த டோகோமோ இப்போது இல்லை என்பது வேறு கதை.)

எண்ணிப் பார்க்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். வடசென்னையில் உள்ள மணலியில் அப்படி ஒருவர். தெருவில் திரியும் வாயில்லா ஜீவன்களுக்குப் போடுவதற்காக 2021 டிசம்பரில் மாரி பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கினார். ஐ.டி.சி. நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மாரி லைட். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது 15. நாமாக இருந்தால், ‘ஒரு பிஸ்கட்தானே’ என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. ஒரு பிஸ்கட் 75 பைசா, ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் பாக்கெட் என்று கணக்குப் போட்டார். நேரே நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். கம்பெனியோ, ‘எண்ணிக்கையை வைத்து விற்கவில்லை, எடையை வைத்துத்தான் விற்கிறோம்’ என்றது. சரி, எடையைப் பார்த்தார்கள். உறையில் 76 கிராம், உள்ளே 74 கிராம்! 2023-ல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உத்தரவிட்டது.

நுகர்வோர் என்றால் யார்? காசு கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ வாங்குகிறவர். ஒரு ரூபாய் மிட்டாய் வாங்கும்போது நீங்களும் நுகர்வோர்தான். நமக்காக 1986-ல் முதன்முதலில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த டிசம்பர் 24-ஆம் தேதியைத்தான் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் வருடத்துப் புதிய சட்டம்.

செல்போன் தகராறை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோகலாமா என்பதில் மட்டும் பெரிய குழப்பம் இருந்தது. அகமதாபாத்தில் ஒருவருக்கு மாதம் சுமார் ஐந்நூறு ரூபாய்தான் செல்போன் பில் வரும். 2013-ல் ஒரு மாதம் வந்த பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். 24,609 ரூபாய்! நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ‘இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை, 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டப்படிதான் போக வேண்டும்’ என்றது வோடபோன் கம்பெனி. 1885! அப்போது செல்போனை யாரும் கனவில்கூடக் கண்டதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘தொலைபேசி வாடிக்கையாளரும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்’ என்று 2022 பிப்ரவரியில் நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பில் சரியா தப்பா என்ற பேச்சுக்கு முன்னால், ‘நான் எங்கே போய்க் கேட்பது’ என்பதற்கே எட்டு வருடம் போய்விட்டது!

இனி, உங்கள் வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் வருவோம். அவர்களிடம் இருப்பது பட்டன் போனா? அதில் வீடியோ பார்க்க முடியாது. ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று கேட்கத்தான் அந்த போன். ஆனால், அதற்குப் போடும் ரீசார்ஜில் தினமும் இத்தனை ஜிபி இன்டர்நெட் என்று சேர்ந்தே வரும். பாட்டி ஒரு துளிகூடத் தொடாத இன்டர்நெட்டுக்குக் காசு! இட்லி மட்டும் கேட்டவருக்கு, ‘பூரியும் சேர்த்து வாங்கினால்தான் இட்லி’ என்று ஓட்டலில் சொன்னால் எப்படி இருக்கும்? போடாமல் விட்டாலோ, கொஞ்ச நாளில் பாட்டிக்கு வரும் அழைப்புகளும் நின்றுபோகும். ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

இதற்கும் ஒரு வழி பிறந்தது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி டிராய் இன்னொரு விதி கொண்டுவந்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டத்தைக் கம்பெனிகள் கட்டாயம் விற்க வேண்டும். இத்தகைய சிறப்புத் திட்டங்களை 90 நாளுக்கு மேல் தரக்கூடாது என்று முன்பு இருந்தது. அதை 365 நாள் வரை தரலாம் என்று மாற்றினார்கள்.

இந்தத் திட்டங்களைப் பாட்டி தானாகக் கண்டுபிடிப்பாரா? கம்பெனி விளம்பரத்தில் நடிகர் வந்து சொல்லப் போவதில்லை. ஆகவே, அடுத்த முறை பாட்டிக்கு ரீசார்ஜ் போடப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ‘அண்ணே, இன்டர்நெட் இல்லாம பேசறதுக்கு மட்டும் என்ன இருக்கு?’ என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என்றால், ‘மாசாமாசம் ஒரே தேதியில வர்றது இருக்கா?’ என்று கேளுங்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். சில சமயம் 28 நாள் திட்டமே மலிவாக இருக்கும். அப்போது அதையே போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. தெரிந்து போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

கேட்காத சேவைக்குக் காசு பிடித்துவிட்டால்? முதலில் கஸ்டமர் கேருக்குப் பேசிப் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் புகார் எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள். அதுதான் ஆதாரம். அங்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால், பெரியவர்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால், பெருங்களத்தூர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.

சரி, அந்தக் காலண்டரை இன்னும் கையில் வைத்திருக்கிறீர்களா? நாம் போட்ட கணக்கு சாதாரண வருடத்துக்கு. 2028 லீப் வருடம். அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கினால் கடைசி வட்டம் எந்தத் தேதியில் விழும்? முட்டியை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம், ஆரம்பியுங்கள்!