குப்பை மேடு காடான கதை
மாஹிம், நமது பகுதி நேர நிருபர்

தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் தினமும் போய் வருகிற நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பூங்கா வாசலுக்குள் நுழைந்திருப்போம்? பத்து வருஷமாக அவ்வழியே டூட்டிக்குப் போய் வரும் நானும் நுழைந்ததில்லை. போன வார ஓய்வு நாளில்தான் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். மாஹிம் இயற்கைப் பூங்கா என்றும் சொல்வார்கள். பரப்பு சுமார் 37 ஏக்கர். ஒரு பக்கம் தாராவி. மறுபக்கம் மித்தி ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள்.

மூக்கைப் பொத்திய காலம்

பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். உள்ளே போனதும் நின்றுவிட்டார். "தம்பி, அந்தக் காலத்தில் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் இந்தப் பக்கம் நடப்போம்" என்றார்.

உண்மைதான். மாநகரின் குப்பை பல ஆண்டுகள் இங்கே கொட்டப்பட்டது. 1977-ல் அது நின்றது. குப்பையின் மேல் மண் பரப்பி மரம் வளர்க்க ஏற்பாடாயிற்று. 1983-ல் முதல் மரக்கன்றை நட்டவர் பறவை அறிஞர் சாலிம் அலி. 1994-ல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1987-லேயே காலமாகிவிட்டார்.

இன்று அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் வந்து போகின்றன. மழைநீரைக் குளத்தில் தேக்கி வைக்கிறார்கள். ஆற்றோரம் அலையாத்தி மரங்கள் சேற்றைப் பிடித்து நிற்கின்றன. 2005 ஜூலை 26-ந் தேதி, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி பொங்கியதை நாம் மறக்கவில்லை. நீரை உறிஞ்ச வெறும் மண் எவ்வளவு தேவை என்பதும் அன்றுதான் புரிந்தது.

நாம் போகாவிட்டால்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்தப் பூங்காவும் அடங்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பூங்கா திட்டத்தில் சேராது என்று அங்கே தெரிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனாலும் ஆள் நடமாட்டமில்லாத நிலத்தின் மேல் எல்லோருக்கும் கண் விழும். ஜனங்கள் உரிமையோடு வந்து போகும் நிலத்தைத் தொட யோசிப்பார்கள்.

பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தும் நமக்கு இது நடை தூரம். சயான் ஸ்டேஷனிலிருந்தும் நடந்தே வரலாம்.

திரும்பும்போது என் மகள், "அடுத்த வாரமும் வருவோமாப்பா?" என்று கேட்டாள். பத்து வருஷம் வீணாக்கிவிட்டேனே என்று இருந்தது. வாசகர்களும் அப்படி வீணாக்க வேண்டாம்.